உடையாத தட்டு

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் நடிகர் தோக்தோசுனைத் தெரியாத டாக்ஸிக்காரர் கிடையாது. முப்பத்தெட்டுப் படங்களில் நடித்தவர், ஆறு படங்கள் தயாரித்தவர். ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் கழித்து, இன்று மாலை அவருக்கு வாழ்நாள் விருது. கோட்டெல்லாம் மாட்டியாகிவிட்டது. மனைவி அனார்கான் மட்டும் வரமாட்டேன் என்று அடுப்படியில் பூர்சோக் என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லாம நான் மேடையேற மாட்டேன், அனார்."

"நான் எதுக்கு? கைதட்டவா? அதைத்தான் நாப்பது வருஷமா செஞ்சாச்சே, கிழவரே."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் தயாரிக்க இறங்கிய முதல் படத்துக்கு அவள்தான் கதாநாயகி. படப்பிடிப்பின் முதல் நாள் கேமரா முக்காலியில் பீங்கான் தட்டை அடித்து உடைத்து, ஆளுக்கொரு சில்லு எடுத்துக்கொள்வது அங்கே சினிமாக்காரர்கள் வழக்கம்; உடையாவிட்டால் கெட்ட சகுனம். மூன்று தடவை ஓங்கி அடித்தும் தட்டு உடையவில்லை. மூன்றாம் நாள் ஒரு குதிரை இடறி விழுந்தது. திரையில் ஓநாயோடு மல்லுக்கட்டிய மனிதர், ஒரு பீங்கான் தட்டுக்குப் பயந்து படத்தையே நிறுத்திவிட்டார். அப்புறம் அவருக்கு வேறு படங்கள் வந்தன. அவளுக்கு வரவில்லை. கடைசிவரை யார் யாருக்கோ பின்னணிக் குரல் கொடுத்தாள்.

அந்தத் தட்டை அவள் தூக்கிப் போடவில்லை. இப்போதும் அதில்தான் பூர்சோக் குவிந்துகொண்டிருந்தது.

தோக்தோசுன் சட்டென்று பூர்சோக்கை மேசைமேல் கொட்டினார். பரணிலிருந்து பழைய கேமரா முக்காலியை இறக்கினார்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"உன் படத்தைக் கெடுத்தது தட்டு இல்ல, நான்தான். இத்தனை வருஷமா சொல்ல வாய் வரல. மன்னிச்சுடு. மேடையிலயும் இதைத்தான் சொல்லப்போறேன். நீ இருந்து கேக்கணும்."

அனார்கானுக்குக் கண் கலங்கியது.

அவர் தட்டை ஓங்கி அடித்தார். ணங்கென்றது. மறுபடி அடித்தார். முக்காலிதான் ஆடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அடிக்கிறதுலயுமா நடிப்பு? குடுங்க இப்படி."

ஒரே அடி. தட்டு சுக்குநூறானது.

இருவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினார்கள். இருந்ததிலேயே பெரிய சில்லைத் துடைத்து அவர் நீட்டினார். அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் அடுப்பை அணைத்தாள்.

"விழாக்காரங்களுக்குப் போன் போடுங்க. கதாநாயகி கொஞ்சம் லேட்டாத்தான் வருவாளாம்னு சொல்லுங்க."