பாவம், ரமணி

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரமணிகிட்ட முடியுமா முடியாதான்னு நீங்க கேட்டீங்களா?"

மனிதவளப் பிரிவு ஹனா இதைக் கேட்டபோது சந்திரிகாவின் வாயில் பாதிக் கறிபாப் இருந்தது. மென்று முடிப்பதற்குள் ஏதாவது பதில் வந்துவிடும் என்று மெதுவாகவே மென்றாள். காலையிலிருந்து பயிற்சி. நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கும் சாய்வு என்று தலைப்பு. கோலாலம்பூரிலிருந்து வந்தவர் திரையில் முகங்களைக் காட்டி, இதில் யார் மேலாளர், யார் ஓட்டுநர் சொல்லுங்கள் என்றார். அந்த மருத்துவமனையின் பதிவு முகப்பிலேயே தலை நரைத்தவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. திரையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது, தன்னைத் தாண்டி மேலே போனவர்களின் முகங்களை. சாய்வு என்றால் மற்றவர்களுக்கு இருப்பது, தன் மேல் வந்து விழுவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தேநீருக்கு வந்த இடத்தில்தான் ஹனா பிடித்துக்கொண்டாள்.

"என்னத்த கேக்கணும்? நான் ரிட்டையர் ஆனா என் எடத்துக்கு குகன்னு பேரு குடுத்தாச்சு. ரமணி பாவம்லா. சிம்பாங் அம்பாட்லேர்ந்து கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வரணும். வீட்டுக்காரரு ஸ்ட்ரோக் வந்து படுத்துருக்காரு. இதுல சூப்பர்வைசர் வேலையையும் அது தலையில தூக்கி வைக்கச் சொல்றியா?"

"குகனுக்கு மட்டும்?"

"அவனுக்கு இப்பதான் புள்ள பொறந்துருக்கு. குடும்பப் பொறுப்பு வந்துருச்சு. தூக்கிவிட வேணாமா?"

ஹனா கோப்பையைக் கீழே வைத்தாள். "அவனுக்குக் குடும்பம் இருக்கு, அதனால குடுக்கறீங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, அதனால குடுக்கல. நல்லா இருக்குக்கா."

"காலையில படிச்சத என்மேலயே ஓட்டிப் பாக்கறியா?"

"வேற யார்மேல ஓட்டறது? இங்க நான் உரிமையோட தமிழ்ல சண்டை போடறதுக்கு நீங்க ஒரு ஆளுதான்." பிறகு குரலைத் தணித்தாள். "சாயங்காலம் டைரக்டர் கையெழுத்து போட்டுருவாரு. அதுக்கு முன்ன நீங்களே மேல போயி மாத்திச் சொன்னா உண்டு. நான் சொன்னா எடுபடாது."

சந்திரிகா கீழே வந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

முகப்புக்குப் பின்னாலிருந்த சிற்றறையில் ரமணி நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பாள். மேசை மேல் ஒரு பெட்டி நிறையக் குவே லாப்பிஸ் பலகாரம், சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய். பேர் கொடுத்த கையோடு குகனின் காதில் போட்டவள் சந்திரிகாதான். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவன் பலகாரமே வாங்கிவிட்டான்.

"எடுத்துக்குங்கக்கா. புது சூப்பர்வைசர் ட்ரீட்டு," என்றாள் ரமணி.

"உனக்கு வருத்தமாம்மா?"

"எனக்கென்ன? நல்ல பையன். கௌண்டர்ல கெழவிங்க எல்லாம் அவன்கிட்டதான் போவாங்க."

"நீ இந்த வேலைக்கு மனு போட்டத, சும்மா எல்லாரும் போடறாங்கன்னு போட்டதாத்தான் நெனச்சேன். உனக்கு இருக்கற கஷ்டத்துல, பாவம், இது வேற எதுக்குன்னு..."

"அக்கா." ரமணி கரண்டியை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நைட் ஷிப்ட் முடிச்சு மோட்டார்ல பாலத்துல போறப்ப, காத்து ஆளையே தள்ளும். வீட்டுக்குப் போனா அவரு ராவெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துருப்பாரு. திருப்பிப் போட ஆளில்ல. முதுகுல புண்ணு வந்துருச்சு. சூப்பர்வைசருக்கு நைட் இல்லையே. காலையில வந்தா சாயங்காலம் போயிரலாம். அதுக்குத்தான் போட்டேன். பெருமைக்கா போட்டேன்?"

இரவு வேலை இல்லாத அந்த நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள் சந்திரிகா. தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பேர் எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. ரமணி என்றதும் பாவம் என்று வந்தது. அதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லாதது போல மனசு நல்லபிள்ளையாகக் கதவைச் சாத்திக்கொண்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மட்டும்? அதுக்கும் ஐயோ பாவம்னுதான் சொல்லிருப்பீங்க." ரமணி லேசாகச் சிரித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவத் திரும்பினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு குகன் வந்தான். "ஸாரிக்கா, சாப்பிடப் போனேன், செம்ம ஜாம்."

"பக்கத்துல இருக்கற கெலுகோர்லேர்ந்து இங்க வரதுக்கு என்னடா ஜாம்? பாலத்துலயா சுத்தி வந்த?" என்று சொன்ன பிறகுதான், இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்காமல் சிரிப்போடு விட்டுவிட்டது சந்திரிகாவின் நினைவுக்கு வந்தது. ரமணி தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணு கூட எடுக்கலையா?" அவன் ஒரு துண்டைத் தாளில் வைத்து சந்திரிகாவின் கையில் திணித்தான். "வீட்டுல சொன்னேங்க்கா. எங்கம்மா அழுதுட்டாங்க."

சந்திரிகா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மேல. டைரக்டர பாக்க."

"முட்டி வலியோடயா? பாவம், நீங்க உக்காருங்க. என்னான்னு சொல்லுங்க, நான் போயிட்டு வரேன்."

அந்தச் சொல் தன் மேல் விழுவதை அவள் கேட்டாள். எவ்வளவு மெத்தென்று இருக்கிறது. எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துவிடலாம்.

"நீ போக முடியாது தம்பி," என்றாள்.

மின்தூக்கியில் யாருமில்லை. கதவு மூடிக்கொண்டது. விளக்கின் கீழே நின்று, டைரக்டரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பார்த்தாள். தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றா? போகிற நேரத்தில் கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்பார். அழுத அம்மாவிடம் குகன் என்ன சொல்வான்? பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்பது கதவு மறுபடி திறந்தபோதுதான் தெரிந்தது.

வெளியே நோயாளிகளின் சக்கர நாற்காலி தள்ளும் காமாரியா நின்றாள். "மேலயா, கீழயா அக்கா?" என்று மலாயில் கேட்டாள். அவளுக்குப் பின்னால், முகப்புக்குத் திரும்பிவிட்ட ரமணியின் குரல் அடுத்த எண்ணைக் கூப்பிட்டது. யாரும் வராததால் அதே எண்ணை, அதே குரலில், இன்னொரு முறை. சந்திரிகா கையைப் பார்த்தாள். குவேயின் மேலடுக்குச் சிவப்பு மட்டும் தாளோடு ஒட்டிக்கொண்டு கழன்று வந்திருந்தது.