பதிவேட்டில் இல்லாத இரவு

1

ரசமட்டத்துக்கு வரவேண்டிய பாக்கி நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. எந்த நாட்டுக் காசு என்று கேட்காதீர்கள். வராத காசு எந்த நாட்டுக் காசாக இருந்தால் என்ன?

ரசமட்டம் என்பது ஆள். தரையில் டைல்ஸ் பதிக்கிறவன். எது சாய்ந்திருந்தாலும் அவன் கண் பொறுக்காது. சாப்பாட்டுக் கடையில் மேசை ஆடினால், அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் கை கழுவப் போவான். ரசமட்டம் என்றால் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி; பெயர் அப்படி வந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவன் ஒரு படிவத்தோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. எங்கள் அறையில் எழுதப் படிக்க உட்காருகிறவன் நான் ஒருவன்தான். எழுத்து எனக்கு மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு வந்தது. அதனால் எழுதின வரியைத் தூக்கிப் போட மனசு வராது. வேண்டாம் என்று விட்டவையும் கீழே அப்படியே கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "கடல்கள் பிரித்த இரு உள்ளங்கள்..." வேண்டாம். அவன் மனைவி படித்தால் சிரித்தே சாவாள்.

தொடக்கம் இரண்டு: "லாக்கப்பின் இரும்புக் கதவு கிறீச்சிட்டபடி..." கிறீச்சிடவில்லை. எண்ணெய் போட்டு நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும், நானும் உள்ளே இருந்தேன்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் நாங்கள் வேறொரு நாட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை. இன்று நாளை என்று இழுத்தார்கள். ஒரு காலையில் பதினேழு பேர் அலுவலக வாசலுக்குப் போனோம். போய் நின்றோமே தவிர, அடுத்து என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ரசமட்டம் மட்டும் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்து நாங்களும் உட்கார்ந்தோம்.

[அவன் அப்போது முழக்கம் போட்டான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். போடவில்லை. "வெயில் ஏறுது, துண்டு இருந்தா தலைல போட்டுக்கங்க" என்றான். அவ்வளவுதான்.]

போலீஸ் வந்து வண்டியில் ஏற்றியது. ஒரு பகலும் ஓர் இரவும் உள்ளே இருந்தோம். காலையில் வழக்கும் போடாமல் ஒன்றும் கேட்காமல் வெளியே விட்டார்கள். கம்பெனி ஷட்டரை இறக்கியிருந்தது.

3

அவன் மனைவி இன்னொரு நாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பெண் பார்த்து முடித்த கையோடு அவன் போனில் முதலில் சொன்னது லாக்கப் விஷயத்தைத்தான்.

"எதுக்குப் போனீங்க?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறான்.

"நீங்கதான் மொதல்ல உக்காந்தீங்களா?"

"ஆமா."

"சரி. வீட்ல பேசச் சொல்லுங்க."

இப்படி முடிந்த கல்யாணம். மூன்று வருஷமாகிறது. சேர்ந்து இருந்ததெல்லாம் இரண்டு லீவு. இப்போது அவளுக்குப் புருஷனைக் கூப்பிட்டுக்கொள்ள உரிமை வந்திருக்கிறது. விசாவுக்கு, அவன் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சர்டிபிகேட் வேண்டும்.

ஊரில் அவன் அண்ணன் அலைந்து வாங்கிவிட்டார். இப்போது நாங்கள் இருக்கும் இந்த நாட்டில் வரிசையில் நின்று இவனே வாங்கினான். பழைய நாடுதான் பிராணனை வாங்கியது. இங்குள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அட்டையில் பத்து விரலும் மை தொட்டு வைத்து, அந்த நாட்டுத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, அங்கே இன்னும் லாரி ஓட்டுகிற நண்பனுக்கு அனுப்ப வேண்டும். இவன் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? சிமெண்ட் தின்றுவிட்டது. அட்டையில் பத்துக் கறுப்புப் பொட்டு விழுந்தது. "கொஞ்ச நாள் வேலைக்குப் போகாம இருந்துட்டு வா" என்றார் போலீஸ்காரர். லீவு போட்டு, கையில் எண்ணெய் தடவி உட்கார்ந்திருந்து, ரேகை தெரிந்த பிறகு மறுபடி வைத்து அனுப்பினான். யோக்கியன் என்று காட்ட, வேலை செய்யாமல் இருக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அந்த இரவு அந்தக் காகிதத்தில் வந்துவிட்டால்? அத்தோடு எல்லாம் போச்சு.

காகிதம் வந்தது. "மேற்படி நபரைப் பற்றி எங்கள் பதிவேட்டில் எதுவும் இல்லை."

அறையே குதித்தது. அவன் குதிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, நாம உள்ள இருந்தோம்ல?"

"இருந்தோம்."

"இதுல இல்லையே."

கிரேன் ஓட்டுகிறவன் மேல் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஒரு லெட்டர் போடு. 'ஐயா, என்னை மறந்துட்டீங்களா?'ன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு உதடு மட்டும் அசைந்தது.

4

படிவம் அதற்குப் பிறகுதான் வந்தது. மனைவியே கேள்விகளுக்குப் பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதி அனுப்பியிருந்தாள். எல்லாம் நிரப்பியாயிற்று, ஒன்றைத் தவிர.

"எப்போதாவது, எந்த நாட்டிலாவது, காவலில் வைக்கப்பட்டதுண்டா? ஆம் / இல்லை."

போனை நடுவில் வைத்துக்கொண்டோம்.

"இல்லைன்னு போடுங்க," என்றாள்.

"இருந்தேனே."

"அவங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"பின்னாடி தெரிஞ்சா? பொய் சொன்னான்னு கதவையே சாத்திடுவாங்க."

"எப்படித் தெரியும்? பதிவே இல்ல. என்கூட வேலை பாக்குற அக்கா வீட்டுக்காரரு ஆமான்னு போட்டாரு. விளக்கம் குடு, கோர்ட்டு பேப்பர் குடுன்னு ரெண்டு வருஷமா அலையுறாரு."

"நீ இதக் கேட்டுத்தான என்னைக் கட்டிக்க சம்மதிச்சே?"



"உண்மையச் சொல்ற ஆளுன்னுதான் கட்டிக்கிட்டேன். இப்ப அந்த ஆளு பக்கத்துல வேணும். ரெண்டும் ஒண்ணா கெடைக்க மாட்டேங்குது. நான் என்னங்க பண்ணட்டும்?"

[முதல் பிரதியில் அவளைக் கொஞ்சம் பேராசைக்காரியாக எழுதியிருந்தேன். "என் கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்று ஒரு வசனமும் வைத்தேன். அந்தப் பெண் அப்படிப் பேசுகிறவள் அல்ல. பகலெல்லாம் எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைக்கிறவள். இடுப்பு வலியைக்கூட ஜோக்காகத்தான் சொல்வாள். அந்த வசனத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அவள் பக்கம் நியாயம் கூடிவிட்டது. கதைக்கு அது இடைஞ்சல்தான். இருக்கட்டும்.]

5

முடிவு ஒன்று: "இல்லை" என்று போடுகிறான். விசா வருகிறது. விமான நிலையத்தில் அவள் அவனைப் பார்த்து... இதற்கு மேல் பேனா நகரவில்லை. அவன் என்ன முகத்தோடு வந்து இறங்குகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: "ஆம்" என்று போடுகிறான். ஆதாரம் கேட்கிறார்கள். லாக்கப்பில் இருந்ததை நிரூபிக்க அவன் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கடிதம் போடுகிறான். அவர்களோ, "நீ உத்தமனப்பா, போ" என்று விரட்டுகிறார்கள். சிரிப்பு வருகிற முடிவு. ஆனால் அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்தது வேறு.

"உங்களுக்கு எவ்வளவு வரணும்?" என்று கேட்டாள்.

"நாலாயிரத்து எண்ணூத்தி அறுபது."

"நான் தரேன். இங்க வந்து கைநீட்டி வாங்கிக்கங்க. அதோட அந்தக் கணக்கு முடிஞ்சுது."

அவன் சிரித்துவிட்டான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்னோடது முடிஞ்சுது. மத்தவங்களது? நான் இல்லைன்னு போட்டா, யாருமே அங்க உக்காரலன்னு ஆயிடும்ல?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு வரவேண்டியது அவனுடையதைவிட அதிகம். அவனைவிட மூத்தவன், கூலி கூட.

"என்னோடதைத் தள்ளிட்டேன்டா, போ," என்றேன்.

"நீங்க தள்ளினா போதுமாண்ணே?"

"எனக்கு வரவேண்டியதத்தான் நான் தள்ள முடியும். மத்தவன் காசைத் தள்ள நான் யாரு?"

"நன்றிண்ணே," என்றாள் போனிலிருந்து.

"எதுக்கும்மா நன்றி. வராத காசைத் தள்ளுறதுக்கு மனசு ஒண்ணும் பெருசா இருக்க வேண்டியதில்ல."

அவன் பேனாவை எடுத்தான். குனிந்து ஒரு கட்டத்தில் டிக் போட்டான்.

6

பக்கத்தில்தான் இருந்தேன். எந்தக் கட்டம் என்று பார்த்தேன். எழுத மாட்டேன்.

"இல்லை" என்று போட்டிருந்தால், அது பொய் என்று தெரிந்தவர்கள் பதினேழு பேரும் எங்கள் அறைக்காரர்களும் அவளும்தான். நான் இங்கே எழுதினால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். "ஆம்" என்று போட்டிருந்தால், நீங்கள் அவனைப் பெரிய ஆளாக்கிவிட்டு அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவீர்கள். அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. அதனால் அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒருவரை நினைத்துக்கொண்டு நிரப்புங்கள், சும்மா நிரப்பாதீர்கள்.

பாக்கியைப் பற்றி மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். பதினேழு பேரில் இரண்டு பேருக்கு அந்தக் கம்பெனி இனி ஒன்றும் தரவேண்டியதில்லை.