கண்ணு என்று தேடினால்

அத்தை பொன்னாத்தாள் இறந்து மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனபோது, மோனிஷா மூன்றாவது தடவையாக ஃபேனை நிறுத்தினாள்.

“ஏங்கண்ணு, சனம் வேகுதில்ல?” பொங்கியண்ணன் பெரியப்பா சுவிட்சை மறுபடி தட்டினார். “கண்ணு மேல எதுக்கு ஈரப் பஞ்சு? எடு அத.”

அவள் எடுக்கவில்லை. காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் இன்னொருவருக்கு வைக்க முடியும். இதை முப்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது காலை நாலு ஐம்பதுக்கு. பத்து ஐம்பது வரை நேரம் இருந்தது. ஆனால் வெள்ளகோவில் உறவுகள் வந்த பிறகு, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் உடலை எடுப்பதாகப் பேச்சு.

கம்பெனியில் நடந்த முகாமில் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்ததை நாலு மாதம் முன்பு அத்தை இவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். “அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கறேன்.” அப்பாவின் முகத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி இல்லை. அத்தையே ஏதாவது எழுதி வைத்திருந்தால் அப்பா கையில் போனைக் கொடுத்துவிடலாம். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சமையலறைக்குள் போய் அரிசி டிரம் மேல் உட்கார்ந்து, நோட்ஸ் ஆப்பைத் திறந்தாள். அத்தை போனிலும் இவள் போனிலும் ஒரே கணக்குத்தான்.

அந்த ஆப்பைத் தேர்ந்தெடுக்க இருவருக்கும் ஒரு மாதம் ஆனது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசரான அத்தை, அதுவரை எல்லாவற்றையும் அட்டைத் துண்டுகளிலும் உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் ஆப் வரிசையாகக் கேள்வி கேட்டது. “இதென்ன கண்ணு, இன்டர்வியூ பண்ணுது?” இரண்டாவதில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. உள்ளே போன பால் கணக்கு வெளியே வரவே இல்லை. மூன்றாவதில் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே தமிழில் எழுதியது. ‘கண்ணு, கொத்தமல்லி ஒரு கட்டு’ என்று எழுத்து ஓடியதும் இருவரும் கூடத்தில் குதித்தார்கள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஊடு, கம்பெனி, ஒடம்பு, கோயில் என்று மோனிஷா நாலு லேபிள் போட்டுக் கொடுத்தாள். அத்தை ஒன்றையும் தொடவில்லை.

“எல்லாம் ஒரே மூட்டையாக் கெடக்கட்டும். தேடறதுக்கு நீதான் இருக்கியே.”

இப்போது ‘கண்’ என்று தேடினாள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள் வந்தன.

அத்தை ஆப்பிடம் பேசவில்லை. எல்லாவற்றையும் இவளிடம் சொல்வதாகவே பேசியிருந்தாள்.

கண்ணு, கேஸ் புக் பண்ணோணும். கண்ணு, வெள்ளைப் பீஸ்ல எண்ணெக் கறை, தெச்சவன் அது டிசைனுங்கறான். கண்ணு, உங்கப்பனுக்கு உப்பக் கொறைக்கோணும், கேக்க மாட்டான்.

சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தில் அழுகைச் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டாள்.

‘தானம்’. ஒன்றும் இல்லை. ‘ஆஸ்பத்திரி’. பதினாலு குறிப்பு, பதினாலும் பிரஷர் மாத்திரை. மணி ஒன்பது பத்து. கல்லூரி ஆய்வகத்தில் மீட்டர் முள் சரியான இடத்தை நெருங்கும்போது வரும் அதே படபடப்பு. இந்த நேரத்தில் இது வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. அத்தை எதை விடாமல் சொல்லியிருப்பாள்? அந்த முகாம் அன்று கம்பெனியில் தின்ன என்ன கொடுத்தார்கள் என்பதை.

‘பிஸ்கட்’.

ஒரே ஒரு குறிப்பு.

கண்ணு, கேம்ப்புல டீயும் ரெண்டு பிஸ்கட்டும் குடுத்தாங்க. நமுத்த பிஸ்கட்டு. கையெழுத்துப் போட்டுட்டேன். நல்ல கண்ணு, எதுக்கு எரிக்கோணும்? அண்ணங்கிட்டச் சொல்ல மூணு வாட்டி போனேன். சோறு போடட்டுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன். உன்னய ஊமைங்கறேன், நானும் ஊமைதான் போல.

இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

அப்பா ஆத்தப்பன் வாசலில், பந்தல் போடுகிறவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். போனை நீட்டினாள்.

“கண்ணாடி உள்ள இருக்குது. என்னன்னு வாயில சொல்லு சாமி.”

நாற்காலிகளில் தலைகள் திரும்பின.

“சார்ஜருக்கு வந்திருக்கும் புள்ள,” என்றார் பொங்கியண்ணன். “இந்த நேரத்துலயும் போனு.”

யாரோ சிரித்தார்கள். மோனிஷா போனை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“அத்தை கண்ணத் தானம் பண்ண எழுதிக் குடுத்திருக்காங்கப்பா.” அவள் குரல் தெருவரை கேட்டது. “பத்து அம்பதுக்குள்ள எடுக்கோணும். உங்ககிட்டச் சொல்ல நாலு மாசமாப் பயந்துட்டே இருந்தாங்க. நானுந்தான்.”