இதர ஓய்வுநேரச் சரிக்கட்டல்கள்

1

இந்தக் கதை ஓர் ஏலக்காய் பன்னிலிருந்து பிறந்தது. பொய் சொல்வானேன்? எங்கள் கைவோலா நகரசபையின் வரவுசெலவுக் கூட்டத்துக்கு நான் போனதே அந்தப் பன்னுக்காகத்தான்.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய நவம்பர் மாலையில் டெல்லெர்வோ ஜன்னல் வழியே..." வேண்டாம். என் கதைகளில் ஜன்னலோரம் ஏற்கெனவே நெரிசல்.

இரண்டாவது: டெல்லெர்வோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நகரசபை நிதிப்பிரிவில் எழுத்தர். இருநூற்றுப் பத்துப் பக்க வரவுசெலவுத் திட்டத்தை, ஊர்மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே தாளில் எழுதச் சொல்லிவிட்டார் மேலதிகாரி ரௌனோ. இது போதும், போகலாம்.

2

நன்றாகத்தான் எழுதினாள். பள்ளிக்கு எவ்வளவு, தெருப்பனி அள்ள எவ்வளவு என்று குழந்தைக்குக்கூடப் புரியும். பக்கம் 112-இல் கை நின்றுவிட்டது. அங்கே "இதர ஓய்வுநேரச் சரிக்கட்டல்கள்" என்று ஒரு வரி. அதற்கு அர்த்தம், துறைமுகத்தில் இருக்கும் ஊர்ச் சவுனாவை ஜனவரியில் மூடப்போகிறார்கள். புதன்கிழமை தவறாமல் அவள் போய் உடுப்பில்லாமல் ஆவியில் வியர்த்துக் குளிக்கும் அதே மரக்கொட்டகை. அந்த வரிக்குப் பதிலாக "ஊர்ச் சவுனா மூடப்படும்" என்று எழுதினாள்.

ரௌனோ படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"தெளிவா எழுதச் சொன்னேன். இவ்ளோ தெளிவா யாரு கேட்டா?"

"மக்களுக்குப் புரியணும்னு சொன்னீங்களே?"

"புரியட்டும், புரியட்டும். கொஞ்சமா புரியட்டும்."

(ரௌனோவை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. முதியோர் இல்லத்துக்கு இரண்டு நர்ஸ் வேண்டும், எங்கேயாவது செலவை வெட்டியே ஆக வேண்டும் என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறார்.)

தாளில் பழைய வரியே அச்சானது.

3

கூட்டத்தில் அறுபது பேர். எல்லோரும் தாளைப் படித்தோம், பன்னைத் தின்றோம்.

"ஏதாவது கேள்வி?" என்றார் ரௌனோ.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

[அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பது, சேற்றுக் காலணியோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். கேட்க வேண்டியதையெல்லாம் சவுனாவில் வைத்துக் கேட்டுக்கொள்வோம்.]

"கேள்விகள் இல்லை. மக்களுக்கு எல்லாம் தெளிவு" என்று ரௌனோ சொல்லச் சொல்ல, டெல்லெர்வோதான் பதிவேட்டில் எழுதினாள்.

4

புதன்கிழமை, சவுனா. மேல் பலகையில் அய்லி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபத்தொரு வயது.

"ஏன்டி டெல்லெர்வோ, சரிக்கட்டல்னு ஏதோ போட்டிருந்தியே, அது என்ன எழவு?"

"அங்கேயே கேட்டிருக்கலாமே, அய்லி?"

"அறுபது பேர் முன்னாலயா? எனக்கென்ன பைத்தியமா? அதுவும் உடுப்பெல்லாம் போட்டுக்கிட்டு!"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். டெல்லெர்வோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ உக்காந்திருக்கியே, இந்தப் பலகைதான் அது."

அய்லி, ஆவி எழுப்பச் சுடுகல்லில் ஊற்ற எடுத்த தண்ணீரை அப்படியே கையில் வைத்திருந்தாள்.

"மூடப்போறாங்களா? அடிப்பாவி, அதை நீ கூட்டத்துல சொல்லக் கூடாதா?"

"நானா எழுந்து சொன்னா வேலை போயிடும். யாராவது கேட்டா மட்டும் பதில் சொல்லியே ஆகணும். நாளைக்குக் கடைசிக் கூட்டம், அதோட திட்டம் முடிவாயிடும். ஒரே ஒரு கேள்வி போதும், பதிலோட பதிவேட்டுல ஏறிடும்."

"சரி, யாரு கேப்பா?"

எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள்.

(பெண்கள் பக்கம் பேசியது உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆண்கள் பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். ஒட்டுக்கேட்கவில்லை. காதில் விழுந்தது.)

5

முடிவு அ: அய்லி எழுந்து முழங்குகிறாள், சவுனா பிழைக்கிறது. எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

முடிவு ஆ: யாரும் கேட்கவில்லை. ஜனவரியில் கதவில் பூட்டு... எழுத மனசு வரவில்லை.

எனவே நடப்பதை மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை. நான் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன். அய்லி வந்திருக்கிறாள், தரையைப் பார்க்கிறாள். டெல்லெர்வோ பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். என் முகத்தில் வந்து நிற்கிறாள். பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, வெட்கம்தான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயில் பன் வேறு.

"ஏதாவது கேள்வி?" என்கிறார் ரௌனோ.

என் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் தாளைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் கையைத் தூக்குங்கள். சீக்கிரம், அவள் எழுதத் தொடங்கிவிட்டாள்: "கேள்விகள்