ஆறு மாடி இறக்கம்

லிஃப்டுக்குள் அக்கா கொள்ளவில்லை. ஸ்ட்ரெச்சரை நேராக விட்டுப் பார்த்தார்கள், குறுக்கே திருப்பிப் பார்த்தார்கள். கதவு மூடமாட்டேன் என்றது.

"கொஞ்சம் நிமித்தி நிறுத்தினா போயிடும்," என்றார் அமரர் ஊர்தி வண்டிக்காரர்.

"அவ என்ன பீரோவா?" என்று சீறினார் மாமா. மனைவி போனதிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

ஆறு மாடி. படிக்கட்டுதான் வழி. தூக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை செருப்பை உதறிவிட்டுத் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"உனக்கு எதுக்கும்மா? நாங்கல்லாம் இருக்கோமே," என்றார் மூன்றாம் மாடிக்காரர், ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டு.

"இந்தப் படியில என்னைவிடப் பழகினவங்க யாராச்சும் இருந்தா வாங்க."

மற்றவர்கள் மீதிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பகல் முழுக்க சன்னல் இல்லாத அறை. நாற்பத்துநாலு வயதில், ஆறாயிரம் மீட்டர் பனிமலை ஒன்றில் ஏறும் குழுவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஏழு மாதமாக இருபது கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் நாலு தடவை இந்த ஆறு மாடியையும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் மேலே வந்ததும் வாசலில் நின்று "ஒண்ணு!", "ரெண்டு!" என்று கத்துவாள். கட்டிலில் படுத்தபடி அக்கா கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம். ஆமைகூட உன்னைப் பாத்துச் சிரிக்கும்டி" என்பாள்.

அக்காவின் இதயம் வீங்கியிருந்தது. அந்தப் படத்தை எடுத்ததே தங்கைதான். அதைக் காட்டியபோது, "எனக்குப் பெரிய மனசுன்னு சொன்னேன், யாரும் நம்பல. இப்ப ஆதாரமே இருக்கு" என்றாள் அக்கா. பயணமே வேண்டாம் என்று தங்கை சொன்ன அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை. "நீ உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா நான் நாளைக்கே போயிடுவேன். எழுந்து போய் ஏறு."

நேற்று மதியம் ஸ்லீப்பிங் பேக் வந்தது. மைனஸ் இருபது வரை தாங்குமாம். "சோதிக்காம எப்படி அனுப்புறது?" என்று அக்கா அதற்குள் நுழைந்துகொண்டாள். மாமா ஜிப்பை மோவாய்வரை இழுத்துவிட்டார். மாதக்கணக்கில் சில்லிட்டுக் கிடந்த கால்கள் அவளுடையவை. இரண்டு நிமிடத்தில் கூச்சல் கிளம்பியது.

"ஐயோ, கால் சுடுதுடி! இதை நான் தரமாட்டேன். நீ போர்வையோட போ!"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் தங்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மாமா மருந்துக்கடைக்குப் போனார்.

"ஒண்ணு!" என்றதும் பதில் வந்தது. "ரெண்டு!" என்றதும் வந்தது. "மூணு!" என்றதும், "பரவாயில்ல, இப்பதான் மனுஷி மாதிரி ஏறுற" என்று வந்தது.

"நாலு!" என்று கத்தினாள். சற்றுப் பொறுத்து, மெதுவாக, "நாலு" என்றாள்.

மூட்டையை இறக்காமலே உள்ளே போனாள். அக்காவின் நெற்றியில் வேர்வை இன்னும் காயவில்லை. உதட்டோரம் யாரையோ கிண்டல் செய்யக் கிளம்பியதுபோல் கோணியிருந்தது.

இப்போது அந்த முகம் அவள் கைகளுக்கு நேர் கீழே, படிக்குப் படி இறங்கியது. நான்காம் மாடியில் ஒருவர் கை மாற்றினார், இரண்டாம் மாடியில் இன்னொருவர். அவள் மாற்றவில்லை. திருப்பங்களில் எந்தக் காலை எங்கே வைப்பதென்று அவளே சொன்னாள்.

கீழே வந்ததும் வண்டிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, உங்களுக்கு மூச்சே வாங்கலையே!"

உடனே மேலே ஓடிப்போய் அதை அக்காவிடம் சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மாலையில் வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். பாதி கட்டிய பயணப்பை கூடத்தில் வாய் திறந்து கிடந்தது. ஐந்தாம் நாள் கிளம்பவேண்டும். மாமாவிடம் அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி சமையலறைக்குப் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து, ரம்பத் தகட்டால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். அவளுடைய புது பல் பிரஷ்.

"என்ன மாமா பண்றீங்க?"

"மலைக்குப் போறவங்க பிரஷ் காம்பைக்கூட வெட்டி எடையைக் குறைப்பாங்களாமே. எங்கயோ படிச்சேன்." அவர் நிமிரவில்லை. "இது போதுமா, இன்னும் குறைக்கணுமா?"

காம்பில் ஒரு விரல் நீளம்கூட மிஞ்சவில்லை.

"பிடிக்கக் கொஞ்சமாச்சும் விடுங்க மாமா," என்று எதிரில் உட்கார்ந்தாள்.

அவர் வெட்டிய முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்து, அது அவள் கையைக் கீறாதபடி தேய்க்கத் தொடங்கினார்.