செம்புத் தகட்டில் ஒட்டாதது

காவேரியை வடக்கே ரங்கத் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அவள் அண்ணன் பிரேம் வந்திருந்தான். வந்தவன் வீட்டுக்குள் காலை வைக்கவில்லை. பின்பக்கம் கொட்டகை வாசலில் நின்றபடி, தங்கையின் புருஷன் சுரேந்திரனை மேலும் கீழும் பார்த்தான்.

"மாப்ளே, இந்தப் பாரா வேலைய நிறுத்துறியா, இல்ல இவள நான் கூட்டிட்டுப் போகட்டுமா? ஏக் பாத் போலோ, ஒண்ணுதான் சொல்லு."

பாரா என்று அவன் சொன்னது பாதரசத்தை. போர்ட் பிளேர் நகைப் பட்டறைகளில் கூட்டி அள்ளிய தூசியையும், ஆசாரிகள் கை கழுவிய தொட்டியின் அடிச்சேற்றையும் சாக்கில் கட்டி, சௌல்தாரி ஊரில் இருக்கும் இந்த வீட்டுக்குக் கொண்டுவருவான் சுரேந்திரன். அதை எரித்து, அரைத்து, பாதரசம் சேர்த்துத் தண்ணீரில் உருட்டினால், தூசிக்குள் கிடக்கும் தங்கத்துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் தென்னைகளுக்கு அப்பால் உள்ள குழிக்குப் போகும். சுரங்கத்தில் பெரிய அளவில் நடக்கும் வேலைதான். இங்கே ஒரு டிரம்மும் ஒரு மோட்டாரும் மட்டும்.

காவேரிக்கு முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை, இதில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் இருக்கிறது. பிரேம் பஸ் பிடித்து வந்ததும் அதற்காகத்தான்.

"நிறுத்திட்டு என்ன செய்யச் சொல்றீங்க மச்சான்? கச்சால் தீவுக்குப் போயி எங்கப்பா மாதிரி ரப்பர் வெட்டவா?" என்றான் சுரேந்திரன். "தண்ணியில ரசம் போகாம இருக்க ஒரு வழி செஞ்சிருக்கேன். பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

அவன் எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்க்கிற ஆள். செல்போனில் எங்கோ ஒரு நாட்டுச் சுரங்கத்தின் வீடியோவைப் பார்த்து, தச்சரிடமும் வெல்டரிடமும் சொல்லிச் செய்துவைத்திருந்தான். சரிவாக ஒரு மரவாய்க்கால், அதன் அடியில் பாதரசம் தேய்த்து வெள்ளியாக மினுக்கிய செம்புத் தகடு. கழுவின தண்ணீர் அதன்மேல் மெல்லியதாகப் பரவி ஓடும்போது, தப்பி வந்த பாதரசம் தகட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதையும் தாண்டியது, கீழே வளைகுழாய் வைத்த இன்னொரு டிரம்மில் தண்ணீர் தேங்கும்போது அடியில் படிந்துவிட வேண்டும்.

கிணற்றில் ஒரு வாளி இறைத்தான். ஆற்றுமணலைக் கலந்து, ஒரு கரண்டி பாதரசத்தைச் சிதறவிட்டு, மேலிருந்து ஊற்றினான். வாளி காலியானதும் ரப்பர் துண்டால் தகட்டை வழித்தான். குண்டுகுண்டாகத் திரண்டு வந்தது. டிரம்மின் அடியில் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் கரண்டியில் சேர்த்துக் காட்டினான். கரண்டி நிறைந்தது.

"அரே வா!" என்றான் பிரேம், தன்னை மீறி. "ஒரு சொட்டு விடலியே!"

"இஞ்சினியர்னு போர்டு வெச்சுக்கச் சொல்லு பையா," என்று வாசற்படியிலிருந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள் காவேரி. அவளுக்கு ரங்கத்துக்குப் போக மனமில்லை. அங்கே அண்ணியின் அடுப்படியில் பிள்ளைத்தாய்ச்சியாக உட்கார்ந்திருப்பதைவிட இங்கேயே இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தது சுரேந்திரனுக்கும் தெரியும். பிரேம் டீ குடித்தான், சாப்பிட்டான், மறுநாள் தனியாகவே பஸ் ஏறினான்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் தெருவே காத்துக்கிடந்தது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த குளத்தில் மழைக்காலத்தில் அவர்கள் விட்ட கட்லா மீன்குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருந்தன, குளமோ கீழே இறங்கிக்கொண்டே போனது. டிரம்மிலிருந்து தெளிந்து வழிகிற தண்ணீர் குழியில் வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், சுரேந்திரன் ஒரு நீளக் குழாயை மாட்டிக் குளத்துக்குத் திருப்பினான்.

"விடலாமாங்க? மீன் கெடக்கே," என்றாள் காவேரி.

"தகடுதான் புடிச்சிடுதே. நீயே பாத்தியே."

பார்த்தாள்தான். ஒவ்வொரு முறை வழிக்கும்போதும் தகட்டிலிருந்து பாதரசம் வந்தது. எவ்வளவு பிடித்தது என்பதைப் பார்த்துப் பார்த்து இருவருக்கும் தைரியம் வந்துவிட்டது.

பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று கட்லாவைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். தலைப்பக்கத்தை எப்போதும் அவள் தட்டில்தான் வைத்தான். அவள் புளி அதிகமாகப் போட்டு, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாள். தனக்கு வால் போதும் என்பான்.

பங்குனிக் கடைசியில் குளம் கணுக்கால் அளவுக்கு வற்றியது. ஒரு காலை மீதி மீனை அள்ளப் போன சுரேந்திரன், குழாய் வந்து விழுகிற இடத்தில் சேறு வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்தான். சாம்பல் பூத்தாற்போல ஒரு மெல்லிய படலம். அவன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம். புது மண்ணைக் கண்டால் தட்டில் அள்ளிச் சுழற்றிப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. அவனும் கொட்டகையிலிருந்து தட்டை எடுத்து வந்தான்.

சேறு கரைந்து ஓடியது. தட்டின் ஓரத்தில் மாவு போல ஏதோ நின்றது. பளபளப்பு இல்லை. அழுக்காக இருக்கலாம் என்று நினைத்தான், நினைக்க விரும்பினான். அடுப்புச் சாம்பலை அதன்மேல் தூவி விரலால் தேய்த்தான். எண்ணெய்ப் பிசுக்கு விட்டது. மாவு ஒன்றோடொன்று சேர்ந்தது. கடுகளவு, பிறகு மிளகளவு வெள்ளி முத்து ஒன்று தட்டில் உருண்டது.

தட்டை வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தான்.

ஆசாரிகள் கை கழுவிய தொட்டிச் சேறு முழுக்கச் சோப்பு. பிசுக்கு இருந்தால் தங்கம் ஒட்டாது என்று உருட்டும்போது அவனும் ஒரு பிடி சோப்புத்தூள் போடுவான், இந்தத் தொழிலில் எல்லோரும் போடுவதுதான். அந்தச் சோப்பிலும் எண்ணெயிலும் உருட்டும் டிரம் சுற்றச்சுற்றப் பாதரசம் மாவாக உடைந்திருக்கிறது. உடைந்த மாவு தகட்டில் ஒட்டாது, கீழ் டிரம்மில் படியாது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். அவன் அத்தனை கவனமாகச் சோதித்தது கிணற்றுத் தண்ணீரில். சுத்தமான மணலில். சோப்புக் கலந்த தன் கழிவுத் தண்ணீரை ஒரு முறைகூட ஊற்றிப் பார்க்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது: "மீன் கெடைச்சிச்சா? மசாலா அரைச்சாச்சு!"

தட்டோடு உள்ளே போனான். தட்டை அவளிடம் காட்டினான். சொன்னான்.

காவேரி முத்தைப் பார்த்தாள். அம்மிமேல் இருந்த கையை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்:

"எல்லா மீன்லயும் இருக்குமா?"

"தெரியல."

"தலையில அதிகமா இருக்குமா?"

அவன் தட்டை அம்மிக்குப் பக்கத்தில் கீழே வைத்தான்.

அன்றே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரத்தத்தைக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும், வர நாளாகும் என்றார். அந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட அவள் தங்கக் கூடாது என்றார். குழந்தைக்கு என்ன ஆகும் என்று சுரேந்திரன் கேட்டதற்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஸ்கேன்ல உருவம்தான் தெரியும். மூளை எப்படி வளருதுன்னு அதுல தெரியாது. பொறந்து, வளர்ந்துதான் பாக்கணும்," என்றார்.

பிரேம் மறுநாள் வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றிவிட்டு முதுகைக் காட்டி நின்றான். சுரேந்திரனுக்கு அந்த முதுகைப் பார்த்து, 'நீங்களும்தானே மச்சான் பாத்தீங்க' என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. பார்க்கச் சொன்னது தான்தானே.

காவேரி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றான்.

"கொட்டகைய இன்னிக்கே பிரிச்சிடுறேன்," என்றான்.

"ம்."

"அசையுதா?"

வயிற்றின்மேல் கையை வைத்தாள். டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி குலுங்கியது.

"அசையுதுங்க," என்றாள். பிறகு, அவன் முகத்தில் வரப் பார்த்த நிம்மதியைக் கண்டதும், குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தெனம் போன் பண்ணி இதையே கேக்காதீங்க. ஒரு நாள் இல்லன்னு நான் சொல்ல வேண்டி வந்தா, அத ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

பஸ் புறப்பட்டது. அவன் கம்பியை விட்டான்.