கூட்டிப் பெருக்கிய காடு

செடியக்காவுக்கு அன்று காலையில் வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைத்தால் காகிதம் பற்றிக்கொள்ளும். ஐந்து நாள் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், பதினொரு வருடமாக அவள் செடி செடியாக எண்ணி வந்த ஏழாம் ஆராய்ச்சித் துண்டு நிலம் வழித்தெடுத்த பாத்திரம் போலக் கிடந்தது. நெட்டை மரங்கள் மட்டும் நின்றன. அவற்றின் காலடியில் ஒரு கன்று இல்லை, ஒரு கொடி இல்லை. போதாக்குறைக்குத் துடைப்பம் போட்டுப் பெருக்கியும் இருந்தார்கள். நடுவில் பந்தல், வெள்ளைத் துணி விரித்த மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள்.

“எப்படி இருக்கு செடியக்கா?” என்றார் ரேஞ்சர், மடிப்புக் கலையாத சீருடையில், வாயெல்லாம் பல்லாக. அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், நான்கு வயது மூத்தவர். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிச் சீண்டுவதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். “கமிட்டிக்காரங்க வர்றாங்கல்ல, முள்ளும் புதருமா கிடந்துச்சு. நேத்து இருபது ஆளை விட்டுச் சுத்தம் பண்ணிட்டேன். உனக்காகத்தான்.”

அவள் குனிந்து, பெருக்கிய தரையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

அந்த மலைச்சரிவை ஒரு மரக் கம்பெனி மொட்டையடித்துவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டாயிரம் ஏக்கர். இனி இங்கே காடு எழாது, காகித ஆலைக்கு வேண்டிய ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. எழுகிறது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். வெட்டிய இடத்தில் முதலில் அவசரக்கார மரங்கள் வரும். நாலைந்து ஜாதிதான், வெயிலைக் கண்டால் விறுவிறுவென்று உயரும், பத்திருபது வருடத்தில் விழுந்தும் போகும். அவை போடும் நிழலில்தான் பழைய காட்டின் மரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், வருடத்துக்கு ஒரு சாண்கூட வளராமல். அப்படி வந்தவற்றை ஏழாம் துண்டில் அவள் கணக்கெடுத்திருந்தாள். நூற்று முப்பத்திரண்டு ஜாதி. எழுத்தை நம்பாத கமிட்டி, கண்ணால் பார்த்து முடிவு சொல்ல இன்றைக்கு வருகிறது.

அண்ணன் விட்டுவைத்தது அந்த அவசரக்கார மரங்களை. வெட்டிப் பெருக்கியது அந்த நூற்று முப்பத்திரண்டையும். அட, இப்படியும் ஒரு மூளையா!

“அண்ணே, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?”

“பெரிய மரம் ஒண்ணைக்கூடத் தொடலையே!”

“பெரிய மரம் யாருக்கு வேணும்? முழங்கால் உயரத்துல இருந்துச்சே, அதுதான் காடு.”

“அது புதரும்மா.”

“முப்பது வருஷமா காக்கி போட்டிருக்கே, கன்னுக்கும் புதருக்கும் வித்தியாசம் தெரியலையா? உன் தலைக்குள்ளயும் பெருக்கி வெச்சிருக்கியா?”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் நல்ல சேதி ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் போல, பந்தல் காலோரம் இருந்த சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தார். உள்ளே அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு கன்றிலும் அவள் தன் கையால் கட்டிய எண் தகடு.

“ஒண்ணுகூடத் தொலையக் கூடாதுன்னு ஆளுங்ககிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ.”

கன்றை வெட்டி எறிந்துவிட்டுத் தகட்டை மட்டும் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்! ஒரு செடிக்கு எண் போட்டுக் கட்டியிருந்தால் அது எதற்காக என்று இருபது பேரில் ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டாமா? சிரிப்பதா, அழுவதா, அந்தச் சாக்கைத் தூக்கி அவர் தலையிலேயே போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதையும் அவர் தப்பாகப் புரிந்துகொண்டு, “உன் உழைப்பு எனக்குத் தெரியாதா?” என்று தோளைத் தட்ட வந்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் நின்ற இடத்தில் நிற்காத மனிதர். நாற்காலியில் உட்காராமலே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “அறிக்கையில நூத்தி முப்பத்திரண்டு ஜாதின்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒரே மாதிரி நாலு மரம்தான் தெரியுது. மத்ததெல்லாம் எங்கம்மா?”

“போன வாரம் வரைக்கும் இருந்துச்சு சார். வெட்டிட்டாங்க.” அவள் தரையில் மண்டியிட்டு, மண்ணோடு மண்ணாக நறுக்கிய ஒரு தண்டைக் காட்டினாள். “கிட்ட வந்து பாருங்க. பால்கூட இன்னும் காயல.”

“இந்த அடிக்கட்டையை வெச்சு என்ன ஜாதின்னு சொல்ல முடியுமா?”

“என்னால முடியும்.”

“என்னால முடியணுமே.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இங்க பாருங்க. தானா எதுவும் முளைக்கலைன்னா, ஆலை மரம் நடற திட்டத்துக்கு இன்னைக்கே கையெழுத்துப் போட்டு முடிச்சிடுவேன். முளைச்சதை யாரோ அழிச்சாங்கன்னா, விசாரணை முடியற வரைக்கும் இந்தச் சரிவுல எவனும் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. ஆனா எனக்கு எழுத்துல வேணும். யாரு, என்ன பதவி, என்னைக்கு.”

அண்ணன் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். ஆராய்ச்சித் துண்டில் கை வைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேலை போகும், ஓய்வூதியம் நிற்கும். அண்ணியின் முகம் ஒரு நொடி அவள் கண்முன் வந்து போனது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை. அந்தப் பார்வைதான் அவளுக்கு எரிச்சலை இன்னும் கிளப்பியது. பாசம் பாசம் என்று குழி பறித்துவிட்டு, இப்போது பாவமாக நிற்க இவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவள் காகிதத்தை இழுத்து எழுதினாள். ஏழாம் துண்டு, நேற்று ஒரு நாள், இருபது ஆட்கள், ரேஞ்சரின் உத்தரவு. உறவைத் தவிர எல்லாவற்றையும் எழுதினாள்.

தலைவர் அதை வாய்விட்டுப் படித்தார். “என்ன ரேஞ்சர், இது உண்மையா?”

அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இல்ல சார்.”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“ஒரு நாள்னு எழுதியிருக்கு, அது தப்பு. மூணு நாள். இந்தத் துண்டு மட்டும் இல்ல. நீங்க நடந்து பாப்பீங்களோன்னு மேல ஓடைக்கரை வரைக்கும், பாதைக்கு ரெண்டு பக்கமும் வெட்டியாச்சு. அவளுக்கு அது தெரியாது. அவ கோபத்தைப் பாத்தப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு.” அவர் கையை நீட்டினார். “பேனாவைக் குடும்மா, நானே எழுதறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“ஓடைக்கரைன்னு மொட்டையா போடாதே அண்ணே,” என்றாள். “எவ்வளவு தூரம்னு போடு.”